குதிரை முதலில் பார்த்த முகம்

சர்க்கரை, முழங்கால், பென்ஷன் இந்த மூன்றையும் விட்டுவிட்டு வேறு எதையாவது எழுதித் தாருங்கள் என்று நம் மாத இதழை நடத்தும் நண்பர் கேட்டார். எழுதுகிற எனக்கும் படிக்கிற உங்களுக்கும் எழுபது தாண்டிவிட்டது. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நான் இப்போது ஆன்மிக நூல்கள் படிப்பதில்லை, ஆரோக்கிய நூல்களும் படிப்பதில்லை. பிளஸ் ஒன் படிக்கும் என் பேத்தி படித்து முடித்துக் கட்டில் ஓரத்தில் போட்டுவைக்கும் தடித்த ஆங்கில நாவல்களைப் படிக்கிறேன். பதின்வயதுப் பிள்ளைகளுக்கென்று எழுதப்படும் மாயக் கதைகள். எல்லாவற்றின் அட்டையிலும் ஒரு பெண் நிற்கிறாள். கையில் வாள் இருக்கும், இல்லாவிட்டால் தீ இருக்கும். அவளைச் சுற்றி ஒரு ராஜ்ஜியமே எரிந்துகொண்டிருக்கும்.

ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நாம் டீ குடிக்கும் கடைக்கே ஒரு நாள் அப்படி ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்ற நம் நண்பர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"என்ன சார், பேத்திக்குப் பதிலா நீங்க பரீட்சை எழுதப் போறீங்களா?"

"இல்லங்க. இந்தப் பொண்ணு தன்னோட நெழல அறுத்து வாளாக்கிக்கிட்டா. இனிமே நெழல் இல்லாம வெயில்ல எப்படி நடமாடப் போறான்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

"நல்லாருக்கு போங்க. எங்க வீட்லயும் இதேதான். எல்லாத்தையும் பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். பொம்பளப்புள்ள கத்தியத் தூக்குற கதையப் படிச்சா நாளைக்கு நம்ம பேச்சக் கேக்குமா?"

சுற்றி உட்கார்ந்திருந்த நீங்கள் தலையாட்டினீர்கள். நானும் சிரித்தேன். அவருக்குச் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். பீரோவைத் திறந்துவிடுங்கள். நான் காரணமில்லாமல் சொல்லவில்லை.

அந்த நிழல் வாள் நாவலை முடித்த அன்று பேத்தி கேட்டாள். "ஒங்க காலத்துல இந்த மாதிரிக் கதையெல்லாம் இருந்துச்சா தாத்தா? பொண்ணு ஹீரோவா இருக்கிற கதை?"

"அப்பல்லாம் ஏது?" என்றேன். கையில் இருந்த காபியைக் குடித்து முடிப்பதற்குள் அது பொய் என்று தெரிந்துவிட்டது. இருந்தது. நானே கேட்டிருக்கிறேன். பேத்தியின் அலமாரியில் இருக்கும் எதற்கும் அது குறைந்ததில்லை. ஆனால் பாதிவரைதான் கேட்டேன். மீதி வராமல் போனதற்குக் காரணம் நான்.

எனக்கு அப்போது பத்து வயது. ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை. ஆலங்குடியிலிருந்து கிழக்கே எங்கள் ஊர். பெரியப்பாவும் அப்பாவும் ஒரே குடும்பமாக இருந்தார்கள். செம்மண் மேட்டில் பெரியப்பா பெயரில் ஒரு முந்திரிக்காடு இருந்தது. பங்குனி பிறந்தால் பழம் விழ ஆரம்பிக்கும். வைகாசி வரைக்கும் பிள்ளைகளுக்கு அதுதான் வேலை. விழுந்த பழத்தை எடுத்துக் கொட்டையைத் திருகிப் பனையோலைக் கொட்டானில் போட வேண்டும். பழத்தைக் குவியலாக ஒதுக்கிவிட வேண்டும். மத்தியானத்துக்குள் அந்தக் குவியலிலிருந்து ஒரு புளித்த வாடை கிளம்பும். கள்ளுக்கும் வெல்லப்பாகுக்கும் நடுவில் ஒரு வாடை. உப்புத் தொட்டு நாலு பழம் தின்றால் தொண்டை கரகரவென்று பிடித்துக்கொள்ளும். சாறு பட்ட சட்டையை எந்தச் சோடாவில் வெளுத்தாலும் கறை போகாது. எங்கள் ஊரில் ஒரு பையனின் சட்டையைப் பார்த்தே அவன் வீட்டில் முந்திரிக்காடு உண்டா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

அந்தக் காட்டில் எங்களை மேய்த்தது பெரியப்பாவின் மகள். எனக்கு அக்கா. எட்டாம் வகுப்புத் தேறியிருந்தாள். மெலிந்த கை, பெரிய குரல். எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரும் மற்றக் காடுகளை விட்டுவிட்டு எங்கள் காட்டுக்கே வந்ததற்குக் காரணம் அக்கா சொன்ன கதை. அதற்கு அவள் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தாள்.

"கை நின்னா கதை நிக்கும்."

நிஜமாகவே நிறுத்திவிடுவாள். எவனாவது வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்துவிட்டால் நடு வாக்கியத்தில் அப்படியே விட்டுவிட்டு ஆகாயத்தைப் பார்ப்பாள். மற்றவர்கள் அவன் மேல் பழத்தை எறிவார்கள். கை மறுபடி ஓடும், கதையும் ஓடும். மற்றக் காடுகளில் பொழுது சாயும்போது நிரம்பும் கொட்டான்கள் எங்கள் காட்டில் உச்சிப்பொழுதுக்கே நிரம்பிவிடும். பெரியப்பாவுக்கு ஏக சந்தோஷம். "என் மக கதை சொன்னா மரமே ரெண்டு கொட்டை சேத்துப் போடும்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அக்காவின் கதை "ஒரு ஊரில் ஒரு ராஜா" என்று தொடங்காது. "ஒரு ஊர்ல ஒருத்தி இருந்தா" என்று தொடங்கும்.

"அவளுக்குப் பயமே கெடையாதாக்கா?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஏன் கெடையாது? நெறைய இருந்துச்சு. பயந்துக்கிட்டே செய்வா."

"எளவரசன் எப்ப வருவான்?" இது நான்.

"வருவான். வந்து ஒன்கூட ஒக்காந்து கொட்டை திருகுவான். கையப் பாரு."

அவள் சொன்ன ஊரில் ஒரு மாயக்காரி எல்லாக் கிணற்றுத் தண்ணீரையும் ஒரே துளியாகச் சுருக்கித் தன் மூக்குத்திக்குள் பூட்டிவைத்திருந்தாள். அவள் சிரித்தால் மூக்குத்தி மின்னும், ஊரில் நாக்கு வறளும். மூக்குத்தியைப் பறிக்க வேண்டுமென்றால் ஒரு மணல்வெளியைத் தாண்ட வேண்டும். நடந்தால் கால் வெந்துவிடும். எருமை போனால் எருமை வெந்துவிடும். சுட்ட மண்ணுக்கு மட்டும்தான் அந்த மணல் சுடாது. ஊர் எல்லையில் அய்யனாருக்குக் குயவர் செய்த மண்குதிரை நிற்கிறது. அதற்கு இன்னும் கண் திறக்கவில்லை. கண் திறந்ததும் அது முதலில் யாரைப் பார்க்கிறதோ அவருக்குத்தான் கட்டுப்படும். அந்தப் பெண் கையில் மையோடு குதிரைக்கு எதிரே போய் நிற்கிறாள்.

இந்த இடத்தில் அக்கா கதையை நிறுத்திவிட்டாள். கை நிற்கவில்லை, எல்லோருடைய கையும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் நிறுத்திவிட்டாள்.

குதிரைக்குக் கண் திறப்பது அக்கா கற்பனை செய்ததல்ல. அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கும் புரவி எடுப்பை நம் பக்கத்தில் பார்க்காதவர்கள் உங்களில் இருக்க மாட்டார்கள். எங்கள் ஊர் வழக்கம் இது. குயவரான வேளார் குதிரையைச் சூளையில் சுட்டு, வெள்ளை அடித்து, சேணத்துக்கும் மணிக்கும் வண்ணம் தீட்டி நிறுத்தியிருப்பார். கண்ணில் கருவிழி மட்டும் இருக்காது. வெறும் வெள்ளையாக இருக்கும். எடுப்பு அன்று காலையில் வேளார் பக்கவாட்டில் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டிக் கருவிழி வைப்பார். எதிரே ஒருவர் கண்ணாடி பிடிப்பார். குதிரை முதலில் தன்னையே பார்க்க வேண்டும். வேறு யாரும் எதிரே நிற்கக் கூடாது, நின்றால் பார்வை அவர் மேல் இறங்கிவிடும். அதற்குப் பிறகுதான் ஊர் குதிரையைத் தோளில் தூக்கி அய்யனார் கோயிலுக்குக் கொண்டுபோகும். பெண்பிள்ளைகள் அந்த நேரத்தில் வேளார் வீட்டுப் பக்கமே போகக் கூடாது. எதைப் பார்க்க அக்காவுக்கு விடவில்லையோ அதிலிருந்துதான் அவள் கதை செய்தாள்.

"மிச்சத்தச் சொல்லுக்கா."

"ஊர்க் குதிரைக்குக் கண்ணு தொறக்கட்டும். அன்னைக்குத்தான் மிச்சக் கதை."

"இன்னும் எம்புட்டு நாள் இருக்கு!"

"இருக்கட்டும். எனக்கும் யோசிக்க வேணாமாடா?"

அந்த வைகாசியில் எங்கள் வீட்டில் இன்னொரு பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. எட்டாம் வகுப்போடு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் முடிந்தது. ஒன்பதாவது படிக்க வேண்டுமென்றால் பஸ் ஏறி ஆலங்குடி போக வேண்டும். எங்கள் ஊரிலிருந்து அதுவரை ஒரு பெண்ணும் போனதில்லை. வாத்தியார் வீட்டுக்கே வந்து பெரியப்பாவிடம் கேட்டார். பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். கடைசியில், "புரவி எடுப்பு முடியட்டும் வாத்தியாரே. சேத்துவிட்ருவோம். என் மகளுக்கு என்ன கொறைச்சல்?" என்றார். அடுத்த சந்தைக்குப் போய் புத்தகம் வைக்க ஒரு தகரப்பெட்டி வாங்கி வந்தார். பச்சை வண்ணம். மூடியில் ஒரு ரோஜாப் பூ வரைந்திருக்கும். அக்கா அந்தப் பெட்டியைத் திறப்பாள், மூடுவாள், திறப்பாள். உள்ளே ஒன்றும் இருக்காது. புது வண்ணத்தின் வாடை மட்டும் இருக்கும். அதை மூக்கருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பெரியம்மா, "பொட்டிய மோந்து பாத்தே பாஸாயிருவா போலருக்கே" என்று கேலி செய்வாள்.

எனக்குக் கதைதான் வேண்டியிருந்தது. ஒன்பதாம் வகுப்பாவது பெட்டியாவது. அந்தப் பெண் கையில் மையோடு நின்றுகொண்டே இருந்தாள். சாப்பிடும்போதும் நின்றாள், குளிக்கும்போதும் நின்றாள். ஊர்க் குதிரைக்குக் கண் திறந்தால்தான் அவள் நகர்வாள். அப்படியென்றால் கண்ணைத் திறந்துவிட வேண்டியதுதானே? பத்து வயதில் எனக்கு இது மிகச் சரியான கணக்காகத் தெரிந்தது.

அக்காவிடம் ஒரு மைச்சிமிழ் இருந்தது. பித்தளை. மூடியின் மேல் ஒரு கிளி உட்கார்ந்திருக்கும். கிளியின் அலகு தேய்ந்து மழுங்கியிருக்கும். பெரியம்மாவுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த சீர் அது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பொருள். விளக்குக் கரியில் ஆமணக்கெண்ணெய் குழைத்த மை அதில் இருக்கும். ஒரு மத்தியானம் அதைச் சன்னல் கட்டையிலிருந்து எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேளார் வீட்டுக்குப் பின்புறம் போனேன்.

கண்ணை மட்டும் வரைந்துவிட்டு ஓடிப்போய் அக்காவைக் கூட்டி வந்து எதிரே நிறுத்த வேண்டும் என்பது என் திட்டம். குதிரை அவளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்த அளவுக்கு நான் நல்ல பிள்ளை. ஆனால் கண்ணை வரைய வேண்டுமென்றால் முகத்துக்கு எதிரே போயாக வேண்டுமே. அதை நான் யோசிக்கவில்லை.

கீற்றுக் கொட்டகைக்குள் குதிரை நின்றது. வேளார் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார், மோர் கேட்கும் சத்தம் கேட்டது. ஒரு பழம்பானையைக் கவிழ்த்து அதன் மேல் ஏறினேன். ஒரு கையால் குதிரையின் மூக்கைக் கட்டிக்கொண்டேன். சுட்ட மண்ணும் புதுச் சுண்ணாம்பும் சேர்ந்த வாடை. விரலால் மையைத் தொட்டு வலது கண்ணில் உருட்டி வைத்தேன். நன்றாக வந்தது. இடது கண்ணுக்கு எட்டிப் பிடித்தபோது விரல் சறுக்கிக் கோணலாக இழுத்துவிட்டது. நிமிர்ந்தேன். இரண்டு கண்ணாலும் அது என்னைப் பார்த்தது. இந்த வயதில், இவ்வளவு படித்த பிறகும், இதைத்தான் சொல்வேன். அது என்னைப் பார்த்தது. பானை காலடியில் உடைந்தது. "எவன்டா அங்கிட்டு?" என்று வேளாரின் குரல் வந்தது. நான் ஓடிவிட்டேன். கிளி மூடிச் சிமிழ் குதிரையின் காலடியிலேயே கிடந்தது.

சாயங்காலம் வேளார் வீட்டு வாசலில் ஊர் கூடிவிட்டது.

"கண்ணு தொறந்துருச்சுங்க" என்றார் வேளார். "இனிமே நான் தொறக்க வழியில்ல."

"ஈரத் துணியப் போட்டுத் தொடைச்சுட்டுப் புதுசா வைங்களேன்" என்றார் ஊர்ப் பெரியவர் ஒருவர்.

"தொறந்த கண்ணத் தொடைக்கிறதாவதுங்க? அது குருடாக்குறதுல்ல? நான் மாட்டேங்க. வேற குதிரைதான் செய்யணும். எடுப்பத் தள்ளி வைங்க."

புரவி எடுப்புத் தள்ளிப்போவது என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சம்பந்தி வீடுகளுக்கெல்லாம் சொல்லி அனுப்பியாகிவிட்டது. மழை வருமா வராதா என்பதே அந்த எடுப்பில்தான் இருப்பதாக ஊர் நம்பியது. பெரியப்பாவின் உள்ளங்கையில் அந்தக் கிளி உட்கார்ந்திருந்தது. அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"இது யாருது?"

"என்னுது."

"நீயா வந்த இங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் பெரியப்பாவுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். மை ஒட்டிய விரலைக் கால்சட்டைப் பைக்குள் விட்டு இறுக்கி மடக்கியிருந்தேன். அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

எங்களோடு கொட்டை திருகிய ஒரு பிள்ளைதான் சொன்னது. "அக்கா கதையில அந்தப் பொண்ணு மையோட குதிரைக்கு எதுத்தாப்புல நிப்பா." அவ்வளவுதான். கூட்டத்தில் ஒரு பெரிய மூச்சு எழுந்து அடங்கியது. எல்லோருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. காட்டில் எந்நேரமும் குதிரைக் கதைதானாம், அதில் ஒருத்தி மாயக்காரியோடு சண்டை போடுகிறாளாம், எளவரசனே கிடையாதாம். நேற்றுவரை கொட்டான் நிரம்புகிறதே என்று அந்தக் கதையைக் கொண்டாடிய பெரியப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஊர்ப் பெரியவர்கள் முன்னால் குனிந்தார். "எட்டு வரைக்கும் படிச்சதுக்கே சாமி கண்ணுல கைய வச்சிருச்சு. போதும்யா. இதோட போதும்" என்றார்.

வாத்தியார் மறுநாள் வந்தார். வாசல் வரைக்கும் வந்துவிட்டு, "சாமி காரியமாப் போச்சு. இதுல நான் என்னத்தப் பேசுறது?" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். படித்தவர், நல்லவர். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். ஆனால் அவரைச் சொல்ல எனக்கு வாயில்லை.

அந்தக் குதிரையை வேளார் உடைக்கவில்லை. பார்வை யார் மேலும் படாமல் இருக்கச் சூளைச் சுவரைப் பார்த்துத் திருப்பி நிறுத்திவிட்டார். ரொம்ப நாள் அது சுவரையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு ஆடுகள் முட்டி, காது போய், கழுத்துப் போய், ஒரு நாள் பார்த்தால் நான்கு கால்கள் மட்டும் இருந்தன.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. பெரியப்பா எல்லாம் பேசிவைத்திருந்தார், பெட்டியும் வாங்கியாகிவிட்டது. "அவளுக்குன்னு ஏற்பாடு பண்ணது வீணாப் போக வேணாம், பயல அனுப்பு" என்று அப்பாவிடம் சொன்னார். எட்டாம் வகுப்புவரை ஊரிலேயே படித்திருக்க வேண்டிய நான் ஆறாம் வகுப்புக்கே ஆலங்குடிக்குப் போனேன். அந்தப் பச்சைத் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அக்காதான் அதைத் துடைத்துக் கொடுத்தாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்தாள். பஸ் வரும்வரை நின்றாள். ரோஜாப் பூ போட்ட பெட்டி என்று பையன்கள் கேலி செய்ததால் அதன் மேல் மையைக் கொட்டி அழித்தேன். பெட்டி பிறகு எங்கே போனது என்று தெரியவில்லை.

ஆலங்குடி, புதுக்கோட்டை, திருச்சி என்று நான் படித்துக்கொண்டே போனேன். வங்கியில் அதிகாரியானேன். அக்காவைக் கீரமங்கலத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அத்தானுக்குத் தென்னையும் பூக்கொல்லையும் இருந்தன. அந்தக் கோடைக்குப் பிறகு அக்கா யாருக்கும் கதை சொன்னதாக எனக்குத் தெரியாது. அவளுடைய பிள்ளைகளிடம் பிற்காலத்தில் கேட்டேன். "அம்மாவா? கதையா?" என்று சிரித்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழகிய அந்த வருடங்கள் உங்களுக்கு மறந்திருக்காது. அப்போது வங்கி வேலையாக நான் கீரமங்கலம் போயிருந்தேன். கூட இரண்டு அதிகாரிகள் நின்றார்கள். கடைத்தெருவில் மணியடித்துக்கொண்டு ஒரு சைக்கிள் வந்தது. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, பின்னால் பூக்கூடையோடு, நாற்பதைத் தாண்டிய என் அக்கா. "டேய் தம்பி, ஒதுங்குடா, பிரேக் சரியில்ல!"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்னக்கா இது, இந்த வயசுல? அத்தான் ஒண்ணும் சொல்லலியா?" என்றேன்.

"சொன்னாரே. பின்னாடி ஒக்காந்துக்கிட்டுச் சொன்னாரு" என்று கத்திவிட்டுப் போய்விட்டாள்.

அதிகாரிகள் சிரித்தார்கள். அது யார் என்று கேட்டார்கள். தெரிந்தவர் என்றேன். அக்கா என்று சொல்லவில்லை. குதிரைக் கண் பத்து வயதில் செய்தது. இது மேலாளர் நாற்காலியில் இருந்துகொண்டு செய்தது. இரண்டில் இதுதான் மோசம் என்று இப்போது நினைக்கிறேன்.

போன மாதம் பேத்திக்குப் பள்ளிக்கூட விடுமுறை வந்தது. அவளையும் கூட்டிக்கொண்டு கீரமங்கலம் போனேன். அத்தான் போய்ச் சில வருடங்களாகிறது. அக்கா கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள். முன்னால் ஈரச் சாக்கில் மல்லிகை குவிந்து கிடந்தது. பேத்தியின் கையில் இருந்த புத்தகத்தை வாங்கி அட்டையை எட்டப் பிடித்துப் பார்த்தாள்.

"இவ யாருடி, கத்தியோட? சண்டைக்குப் போறவ தலையச் சீவிக்கிட்டுப் போகக் கூடாதா?"

"காத்துல பறக்குது அப்பத்தா. அவ மலை உச்சில நிக்கிறா."

"இவளுக்குப் பயம் உண்டா?"

"உண்டு அப்பத்தா. நெறைய."

"அப்பச் சரி" என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. தயார் செய்துவைத்திருந்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை. "அக்கா, அந்தக் குதிரைக் கண்ணத் தொறந்தது நான்தான்" என்றேன்.

"தெரியும்டா."

"எப்பலேருந்து?"

"அன்னைக்கே. வெரல மட்டும் பைக்குள்ள ஒளிச்சு வச்சுக்கிட்டு நின்ன. ஒன் மூக்கு நுனில அம்புட்டு மை. ஊரே கூடி நின்னுச்சு, ஒருத்தருக்கும் கண்ணுல படல. எல்லாரும் என்னையவே பாத்துக்கிட்டு நின்னாங்க."

"நீ ஏன் சொல்லல?"

அக்கா நாரை எச்சில் தொட்டு முறுக்கினாள். "நீ சொல்லுவன்னு பாத்தேன். அன்னைக்குச் சொல்லுவ, மறுநாள் சொல்லுவன்னு பாத்தேன். பஸ்ஸு வர்ற வரைக்கும் பாத்தேன்."

பேத்தி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டது எனக்கே சின்னதாகத் தெரிந்தது.

"கோவமில்லன்னு சொல்லமாட்டேன்" என்றாள் அக்கா. "கோவமாத்தான் இருந்தேன். கோவப்பட்டுக்கிட்டேதான் ஒனக்கு வருசா வருசம் பலாப்பழம் குடுத்துவிட்டேன்." பிறகு கேட்டாள். "ஆமா, தொறந்தப்ப அது யாரப் பாத்துச்சு?"

"என்னைய."

"அதான் பாரு. ஒனக்குக் கட்டுப்பட்டுச்சு. நீ ஏறிப் போயிட்ட."

வழியில் காரிலேயே பேத்திக்கு அந்தப் பாதிக் கதையைச் சொல்லியிருந்தேன். அவளால் பொறுக்க முடியவில்லை. "அப்ப அந்தக் கதையில வர்ற பொண்ணு? மையோட நின்னாளே? அவளுக்குக் குதிரை கிடைக்கலியா? அப்புறம் என்ன பண்ணா அப்பத்தா?"

அக்கா ஈரச் சாக்கை எங்கள் பக்கம் தள்ளினாள். ஆளுக்கு ஒரு முழம் நாரைக் கிழித்துக் கொடுத்தாள். எனக்குப் பூக் கட்டத் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். இரண்டு இரண்டாகக் காம்பு சேர்த்து எடுத்துவைத்தால் போதும் என்று காட்டினாள். எங்கள் கைகள் ஓடத் தொடங்கும்வரை காத்திருந்தாள்.

"குதிரை வேற ஒரு பயலப் பாத்துருச்சு. அதுல ஏறிப் போயிட்டான். அவ மணல் ஓரத்துலயே நின்னா. ரொம்ப நாள் நின்னா. குதிரை திரும்பி வரும்னு பாத்தா. வரல. அப்புறம் மணல்ல எறங்கி நடந்தா."

"கால் வெந்துருமே அப்பத்தா?"

"வெந்துச்சு."

"அப்புறம்?"

"வெந்த காலோடயே நடந்தா. பாதி தூரத்துல அந்தப் பய ஆளுங்களோட எதுக்க வந்தான். 'என்ன இது, இந்த வயசுல?'ன்னான். ஒதுங்குடான்னு சொல்லிட்டு மேல போனா. மாயக்காரியோட கோட்டை வாசல் தெரிஞ்சுச்சு. அங்க..."

நிறுத்திவிட்டாள். கூரையைப் பார்த்தாள். பேத்தி அவளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"டேய் தம்பி" என்றாள் அக்கா. "கை."

நான் அடுத்த பூவை எடுத்தேன்.